மலையிலிருந்து இறங்கும் குழந்தைக்குச் சூடு எங்கிருந்து வரும்?

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றில், சேர்வராயன் மலையின் உட்கிராமத்திலிருந்து 108 வாகனத்தில் ஒரு குறைமாதக் குழந்தையைச் சேலத்திற்குக் கொண்டுவந்தார்கள். பிறந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. எடை 1,620 கிராம். இரண்டு துண்டுகள், அதன்மேல் பாட்டியின் பழைய நூல் சேலை, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கம்பளி என அத்தனை அக்கறையோடு சுற்றப்பட்டிருந்த அந்தக் குழந்தையின் அக்குளில் வெப்பமானியை வைத்தபோது 34.4 டிகிரி செல்சியஸ் காட்டியது. இருக்க வேண்டியது 36.5 முதல் 37.5 வரை. பாதம் மட்டுமல்லாமல் வயிறும் சில்லிட்டிருந்தது. இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. அதே வாகனத்தில், பாட்டியின் மடியிலிருந்து ஒரு முழ தூரத்தில், தாய் படுத்தபடி வந்திருந்தார். அந்தக் குழந்தைக்கு வேண்டிய சூடு முழுவதும் அந்த ஒரு முழத்திற்கு அப்பால் இருந்தது என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால், வாகனத்தில் ஏறும் முன்பே தாயின் மார்பில் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் அந்த முதல் இரண்டு நாள் போராட்டத்தில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது என்றே ஒரு குழந்தை மருத்துவராக நான் கருதுகிறேன்.

துணி சூட்டை உண்டாக்காது. உள்ளே இருக்கும் சூட்டை வெளியேறாமல் காக்கும், அவ்வளவே. நம்மைப் போன்ற பெரியவர்கள் போர்வைக்குள் கதகதப்பாக இருப்பது நம் உடலே சூட்டை உண்டாக்குவதால்தான். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அதன் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு, பிறந்த குழந்தைகள் சூட்டுக்காக எரிக்கும் பழுப்புக் கொழுப்பும் குறைமாதத்தில் போதிய அளவு சேர்ந்திருப்பதில்லை. குளிரும்போது அது தன்னிடம் உள்ள கொஞ்சம் சர்க்கரையையும் பிராணவாயுவையும் சூட்டுக்காகவே செலவழிக்கிறது. பிறகு மூச்சு விடவும் பால் உறிஞ்சவும் அதற்குத் தெம்பு இருப்பதில்லை. ‘பால் குடிக்க மாட்டேங்குது, தூங்கிக்கிட்டே இருக்குது’ என்று வீட்டார் சொல்லும் குழந்தைகளில் பலவற்றைத் தொட்டுப் பார்த்தால் கால் ஜில்லென்று இருக்கும்.

மலையில் குளிர், ஆகவே குழந்தை குளிர்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் 23,000-க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளின் வெப்பநிலையை அவரவர் வீட்டிலேயே அளந்து, 2010-இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. முதலில் அளந்த வெப்பநிலை ஒரு டிகிரி குறையக் குறைய இறப்புக்கான வாய்ப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு கூடியது என்பது அதன் முடிவு. நேபாளம் என்றதும் பனிமலை நினைவுக்கு வரும். சர்லாஹியின் பெரும்பகுதியோ சமவெளி, கோடையில் நன்றாகக் காயும் பகுதி. எனவே, ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் பிறக்கும் குழந்தைக்கு மட்டுமன்றி, சித்திரை வெயிலில் சேலம் நகருக்குள் மின்விசிறிக்குக் கீழே ஈரத்தோடு கிடத்தப்படும் குழந்தைக்கும் இது பொருந்தும்.

இதற்கான மருந்தைக் கண்டது வசதி மிகுந்த ஆய்வகம் அன்று. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைக்கும் ‘இன்குபேட்டர்’ பெட்டி ஒன்றிலேயே இரண்டு மூன்று குழந்தைகளை வைக்க வேண்டிய நெருக்கடியும், அதனால் பரவிய தொற்றும் மிகுந்திருந்த ஒரு மகப்பேறு மருத்துவமனையில், எட்கர் ரே என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திக் கட்டச் செய்தார். அதையே இன்று கங்காரு தாய் பராமரிப்பு என்கிறோம். நெடுங்காலம் இது பெட்டி கிடைக்காதவர்களுக்கான மாற்று ஏற்பாடாகவும், குழந்தை முதலில் பெட்டியில் தேறிய பிறகு செய்ய வேண்டிய ஒன்றாகவும் கருதப்பட்டது. நானும் அப்படித்தான் பயிற்றுவிக்கப்பட்டேன்.

அந்த வரிசையே தவறு என்று காட்டியது உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்து 2021-இல் வெளியான ஆய்வு. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், பிறக்கும்போது ஒரு கிலோ முதல் 1.8 கிலோவுக்குச் சற்றுக் கீழ் வரை எடை இருந்த 3,211 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். நம் நாட்டில் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை பங்கேற்றது. ஒரு பிரிவினருக்குப் பிறந்தவுடன், மற்றொரு பிரிவினருக்குக் குழந்தை தேறிய பிறகு கங்காரு பராமரிப்பு தொடங்கப்பட்டது. முதல் 28 நாட்களில் இரண்டாம் பிரிவில் 15.7 விழுக்காடு குழந்தைகள் இறந்தன. முதல் பிரிவில் 12.0 விழுக்காடு. நான்கில் ஒரு பங்கு இறப்பு குறைந்துவிட்டது. பயன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பின் பாதிக் குழந்தைகளுக்கு அதைத் தாமதப்படுத்துவது அறமாகாது என்று ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள். கவனிக்க வேண்டியது, அக்குழந்தைகள் மருத்துவமனையில், சுவாச உதவியும் மற்றச் சிகிச்சைகளும் கிடைக்கும் இடத்தில், தாயின் மார்பில் இருந்தன என்பதே. தாயின் மார்பு சிகிச்சைக்குப் பதிலாக வந்ததன்று. சிகிச்சை நடக்க வேண்டிய இடமாக அது மாறியது.

இதைச் சொல்லும்போது நம் குடும்பங்களில் எழும் தயக்கத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ‘ஏனுங்க டாக்டரம்மா, பொட்டியில வெக்காம எங்ககிட்டயே குடுத்துட்டீங்களே, குழந்தைக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்களா?’ என்று ஒரு மாமியார் கண் கலங்கக் கேட்டார். பெட்டி என்றால் பெரிய வைத்தியம், தாயிடம் கொடுத்தால் கைவிட்டுவிட்டார்கள் என்பது அவருடைய அச்சம். அன்று விளக்கிப் பேசியதைவிட, குழந்தையைத் தாயின் மார்பில் கட்டி ஒரு மணி நேரம் கழித்து அவர் கையாலேயே குழந்தையின் பாதத்தைத் தொடச் சொன்னதுதான் அவருக்கு நிறைவைத் தந்தது. மறுநாள் தாய் குளிக்கப் போன நேரத்தில் அவரே குழந்தையைத் தம் மார்பில் வாங்கிக்கொண்டார்.

மருத்துவமனைகள் மாற வேண்டியதும் இதில்தான் என்று வலியுறுத்திச் சொல்வேன். பச்சிளங்குழந்தைப் பிரிவில் தாய்க்கு ஒரு கட்டில் இல்லாவிட்டால், பால் கொடுக்கும் நேரத்திற்கு மட்டும் வந்து போகும் விருந்தாளியாக அவர் ஆகிவிடுகிறார். ஒரு நாளில் எட்டு மணி நேரத்திற்குக் குறையாமல், இயன்றவரை நாள் முழுவதும் கங்காரு பராமரிப்பு தர வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவனப் பரிந்துரை. அறுவைச் சிகிச்சை முடிந்து தையல் வலியோடு இருக்கும் பெண், முதுகு சாய்க்க ஓர் இடம்கூட இல்லாமல் இதை எப்படிச் செய்வார்?

மலைப்பாதைக்கு வருகிறேன். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் சேலத்திற்கு இறங்க வேண்டும். உட்கிராமங்களுக்கோ ஏற்காடு வந்து சேருவதே ஒரு பயணம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து அந்தப் பாதையே நிறுத்தப்பட்டதை நாம் பார்த்தோம். ஆகவே வயிற்றில் இரட்டைக் குழந்தை, இரத்த அழுத்தம், முந்தைய குறைப்பிரசவம் போன்றவை இருக்கும் பெண்கள், மழைக் காலத்தில் குறித்த நாளுக்கு முன்பே கீழே வந்து தங்கிவிடுவது நல்லது. குழந்தை வயிற்றில் இருக்கும்போது இறங்குவதுபோல் பாதுகாப்பான பயணம் வேறில்லை.

அப்படியும் மலையிலேயே பிறந்து, தாயும் நலமாக இருந்து, குழந்தை தானே மூச்சு விடுமானால், வாகனம் வரும்வரை காத்திருக்காமல் குழந்தையைத் துடைத்து, ஈரத்துணியை அகற்றி, தொப்பி, காலுறை, இடுப்புத்துணி மட்டும் அணிவித்து, தாயின் இரு மார்புகளுக்கு நடுவே தோலோடு தோலாக நிமிர்த்தி வைக்க வேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, முகவாய் சற்றே நிமிர்ந்து, மூக்கும் வாயும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கால்கள் தவளையின் கால்கள்போல மடங்கி விரிந்திருக்கும். நூல் சேலையை மடித்துக் காதுக்குக் கீழ்வரை வருமாறு கட்டினால் போதும். மூச்சு விட இடம் வேண்டுமென்பதால் குழந்தையின் வயிற்றுப் பகுதியில் இறுக்கம் கூடாது. அதன்மேல் ரவிக்கை, சால்வை, கம்பளி எதுவும் போர்த்தலாம். வாகனத்தில் தாய் பாதி சாய்ந்த நிலையில் இருக்க, வாகனத்தின் பாதுகாப்புப் பட்டை குழந்தையின்மேல் படாமல் தாயின் இடுப்பிலும் தொடையிலும் போக வேண்டும். தாய் மயக்கத்திலோ உதிரப்போக்கிலோ இருந்தால் தந்தையோ பாட்டியோ சித்தியோ சட்டையைக் கழற்றி அதே வேலையைச் செய்யலாம். ஆண்கள் கூச்சப்படுகிறார்கள், ஒருமுறை செய்த தந்தை மறுமுறை தானே கேட்கிறார்.

பிறந்தவுடன் குளிப்பாட்டும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தீட்டு என்றோ, உடம்பில் உள்ள வெள்ளைப் படலம் அழுக்கு என்றோ வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டினால், ஊற்றும்போது சூடாக இருந்தாலும் ஈரம் காயும்போது குழந்தையின் சூட்டை எடுத்துக்கொண்டே காய்கிறது. 24 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். எடை குறைந்த குழந்தைக்கு இன்னும் பல நாட்கள். சேனை தொட்டு வைப்பதும் வேண்டாம், சீம்பாலே முதல் உணவு.

வீட்டுக்கு அனுப்பிய பிறகும் இது தொடர வேண்டும் என்பதற்கு அரியானா கிராமங்களில் 8,402 குழந்தைகளிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு சான்று. 1,500 முதல் 2,250 கிராம் வரை எடையுள்ள அக்குழந்தைகளின் வீடுகளுக்குப் பணியாளர்கள் சென்று தாய்க்கும் குடும்பத்தாருக்கும் கங்காரு பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தார்கள்; முதல் 28 நாள் இறப்பு 30 விழுக்காடு குறைந்தது. கிராம சுகாதாரச் செவிலியரோ ஆஷா பணியாளரோ வீட்டுக்கு வரும்போது எடையை மட்டும் கேட்காமல், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கட்டுகிறீர்கள் என்றும் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை எல்லாத் தாய்மாருக்கும் கற்றுத்தரலாம்: வயிறு சூடாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால் உடனே மார்பில் சேர்க்க வேண்டும், இரண்டும் குளிர்ந்திருந்தால் மார்பில் கட்டியபடியே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பால் குடிப்பதை நிறுத்திய, நிமிடத்திற்கு 60-க்கு மேல் மூச்சு விடும், மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழிவிழும், வலிப்பு வந்த, உடல் துவண்ட குழந்தைக்கும் அதேதான்.

எத்தனை நாள் கட்ட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் தேதி சொல்வதில்லை. எடை இரண்டரைக் கிலோவை நெருங்கும்போது குழந்தையே கை காலை உதறி, நெளிந்து, சேலைக்கு வெளியே வரப் பார்க்கும், அழுது மறுக்கும். அப்போது நிறுத்திவிடலாம்.