எழுவாய் இல்லாத கடிதங்கள்

"தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு, விதிகளின்படி ஏற்க இயலாத நிலையில் நிராகரிக்கப்படுகிறது என்பது இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."

நான் கையெழுத்திட்ட கடிதம்தான் இது. ஒரு நாள் அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "இதைப் பார்த்தது யாருங்க ஐயா? ஆளைச் சொன்னீங்கன்னா அவர்கிட்டயே கேட்டுக்கிறேன்" என்றார். கடிதத்தை வாங்கி மறுபடி படித்தேன். பரிசீலித்தல், நிராகரித்தல், தெரிவித்தல் என்று மூன்று வினைகள் இருந்தன. ஒன்றுக்கும் செய்தவர் எழுவாயாக வரவில்லை.

கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். மனு வந்த நாள், அதை முதலில் பார்த்த உதவியாளர் ஒரு சான்று குறைகிறது என்று ஓரத்தில் குறித்தது, அந்தக் குறிப்பு பெரியவருக்குப் போய்ச் சேராமலே கோப்பு மேலே வந்தது, மாலை நேர அவசரத்தில் நான் குறிப்பை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டது. என் பங்கைச் சொன்ன இடத்தில் குரல் தானாகவே இறங்கிவிட்டது. அவர் கடைசிவரை குறுக்கே பேசவில்லை. "சான்று கொண்டாந்தா மறுபடி பார்ப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். பார்ப்பேன் என்றேன், எந்த நாளுக்குள் என்பதையும் சொன்னேன். அன்று அவர் மனு ஏற்கப்படவில்லை. ஆனாலும் வந்தபோது இருந்த முகத்தோடு அவர் திரும்பிப் போகவில்லை.

நிர்வாகத்தில் கதை சொல்வது பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். பல அலுவலகங்களில் அதற்குப் பொருள், பயனாளி ஒருவரைக் கேமரா முன் நிறுத்தி நன்றி சொல்ல வைப்பது என்று ஆகிவிட்டது. அப்படிப்பட்ட படங்கள் தயாராகும் அறைகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதிகாரி நாயகனாக வரும் கதையை மக்கள் கேட்ட மாத்திரத்தில் கண்டுகொள்கிறார்கள். நான் சொல்ல வருவது எளிய ஒன்று. ஒரு முடிவு எப்படி உருவானது, யார் எதைப் பார்த்தார், எங்கே தடுமாறினோம், இதில் இழப்பு யாருக்கு என்பதை நடந்த வரிசையில், ஆட்கள் தெரியும்படி சொல்வது. நம்பிக்கை அந்த இடத்தில்தான் முளைக்கிறது என்பது என் அனுபவம்.

பயிற்சி வகுப்புகளில் இதற்கு நான் தவறாமல் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1933 மார்ச் தொடக்கத்தில் அமெரிக்காவில் வங்கிகள் மூடிக் கிடந்தன. பயந்துபோன மக்கள் பணத்தை எடுக்க முண்டியடித்ததில் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்திருந்தன. மார்ச் 12, ஞாயிறு இரவு, பதவியேற்று எட்டே நாளான அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். நீங்கள் போடும் பணத்தை வங்கி பெட்டகத்தில் பூட்டி வைப்பதில்லை என்பதிலிருந்து தொடங்கி, அது எங்கெல்லாம் முதலீடாகப் போகிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் ஏன் கொடுக்க முடியாமல் போகிறது, அரசு அடுத்தடுத்த நாட்களில் என்ன செய்யப்போகிறது என்று படிப்படியாகச் சொன்னார். எல்லா வங்கிகளும் திறக்கும் என்றோ, யாருக்கும் இழப்பு வராது என்றோ தான் வாக்குறுதி தரவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியபோது மக்கள் பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். மார்ச் 9-ஆம் தேதியே நிறைவேறிய அவசரச் சட்டம் அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. வெறும் பேச்சு அதைச் சாதித்திருக்காது. ஆனால் சட்டம் மட்டும் இருந்து, இரவு அந்த விளக்கம் வராமல் இருந்திருந்தால், காலையில் வரிசை பணம் எடுக்க நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன்.

எனக்கு இது புரிந்தது ஒரு சாலை விரிவாக்கக் கூட்டத்தில். முதல் கூட்டத்துக்கு வரைபடங்கள், போக்குவரத்துக் கணக்கு, திரையில் நாற்பது பக்கம் என்று முழுத் தயாரிப்போடு போனேன். ஐந்தாவது பக்கத்திலேயே கூச்சல். ஒருவர் மைக்கைப் பிடுங்கினார். கூட்டத்தைக் கலைத்துவிட்டு வந்தோம். வழியெல்லாம் என் உடன் வந்தவர்கள் மக்களுக்குப் பொறுமை இல்லை என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

இரண்டாவது கூட்டத்துக்குத் திரையை எடுத்துப் போகவில்லை. மூன்று வழிகளைப் பார்த்தோம் என்று தொடங்கினேன். முதல் வழியை நில அளவையர் நடந்து பார்த்துவிட்டு வந்து வேண்டாம் என்றது, இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்திருந்தது, அதில் ஒரு பள்ளியின் வாசல் போய்விடும் என்று எங்கள் இளம் பொறியாளர் எதிர்த்தது, அவர் சொன்னதுதான் சரி என்று நான் ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆனது, மூன்றாவது வழியில் பதினொரு வீடுகளின் முன்பக்கம் போகும் என்பது, அந்தப் பதினொரு வீட்டுக்காரர்களும் இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. மண்டபம் அமைதியாக இருந்தது. பிறகு அந்தப் பதினொருவரில் ஓர் அம்மா எழுந்து, "எங்க வீட்டு முன்னாடி மழைத்தண்ணி எப்படிப் போகும்னு நடந்து பார்த்தவங்க யாரும் கவனிச்சாங்களா?" என்று கேட்டார். கவனிக்கவில்லை. அந்தக் கேள்வியால் வடிகால் திட்டமே மாறியது. நாங்கள் எங்கள் கதையைத் திறந்து வைத்ததால்தான் அவருக்கு நுழைய இடம் கிடைத்தது. முடிந்துபோன முடிவாகக் கொண்டுபோயிருந்தால் மறுபடியும் மைக்கைத்தான் பிடுங்கியிருப்பார்கள்.

கேட்பதும் இதில் பாதி. அமெரிக்காவின் மயாமியில் வீடு வீடாகச் சென்று, திருநர் உரிமை பற்றிச் சுமார் 10 நிமிடம் பேசிய தன்னார்வலர்களின் பணியை டேவிட் புரூக்மன், ஜோஷுவா காலா என்ற இரு ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். முடிவுகள் 2016-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தன. தன்னார்வலர்கள் புள்ளிவிவரத்தால் வாதாடவில்லை. நீங்கள் வேறுபட்டவர் என்பதற்காக யாராவது உங்களை இழிவாக நடத்தியதுண்டா என்று கேட்டு, குறை சொல்லாமல் காதுகொடுத்தார்கள். வீட்டுக்காரர்களின் மனத்தில் ஏற்பட்ட மாற்றம் மூன்று மாதங்களுக்குப் பிறகும் தங்கியிருந்தது. மனு வாங்கும் சாளரத்தில் இதையே வேறு உருவில் பார்க்கலாம். "என்ன வேணும்?" என்று கேட்பவரிடம் வரும் குரல் வேறு. "முதல்ல இருந்து சொல்லுங்க, என்ன நடந்துச்சு?" என்று கேட்பவரிடம் வரும் குரல் வேறு. இரண்டாவது கேள்விக்கு மூன்று நிமிடம் கூடுதலாகத் தேவைப்படும். வரிசை நீளமாக இருக்கும்போது அந்த மூன்று நிமிடத்தை ஊழியருக்கு யார் கொடுப்பது என்பது மேலதிகாரி எடுக்க வேண்டிய முடிவு. ஆள் பற்றாக்குறையை வைத்துக்கொண்டு ஊழியர்களுக்குப் பண்புப் பயிற்சி மட்டும் நடத்துவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கேட்டபின் ஒன்றும் செய்யாமல் விடுவது கேட்காமலே இருப்பதைவிடக் கொடியது. தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996 ஏப்ரலில் பொது விசாரணைகளைத் தொடங்கியது. நிறவெறி ஆட்சியில் பாதிக்கப்பட்ட 21,000-க்கும் மேற்பட்டோர் வாக்குமூலம் தந்தார்கள். பொது விசாரணைக்கு வந்தவர்கள் தங்கள் தாய்மொழியிலேயே பேசினார்கள். வானொலி அதை வீடுகளுக்குக் கொண்டுபோனது. அரசு தன் மக்களின் கதையைக் கேட்கும் முறைக்கு உலகம் இன்றும் காட்டும் முன்மாதிரி அது. ஆனால் ஆணையம் பரிந்துரைத்தது ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை. 2003-இல் அரசு அறிவித்தது ஒரே ஒரு முறை 30,000 ராண்ட். பேசியவர்களில் பலர் அந்த ஏமாற்றத்தை வெளிப்படையாகவே சொன்னார்கள்.

பொய்க்கதையின் விலை இன்னும் பெரியது. 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்க நெரிசலில் 97 பேரின் உயிர் போனது. ரசிகர்கள் வாயிலை உடைத்து உள்ளே வந்துவிட்டார்கள் என்று காவல்துறைப் பொறுப்பதிகாரி அன்றே சொன்னார். வாயிலைத் திறக்க உத்தரவிட்டவரே அவர்தான். காவலர்களின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்ததை 2012-இல் சார்பற்ற ஆய்வுக் குழு ஒன்று வெளிக்கொண்டுவந்தது; அவற்றில் 116-இல் காவல்துறைக்குப் பாதகமான வரிகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தன. குடும்பங்கள் 23 ஆண்டுகள் காத்திருந்தன. ஒரு விபத்து நடந்த முதல் சில மணி நேரத்தில் நிர்வாகம் சொல்லும் கதை எவ்வளவு நாள் நிற்கும் என்பதை எந்த அதிகாரியும் இதில் படிக்க வேண்டும். தெரிந்ததை மட்டும் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அடுத்து எப்போது சொல்வோம் என்று நேரம் குறித்தால் போதும்.

உண்மைக்கதையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு சிறுமியின் படத்தையும் பெயரையும் காட்டிக் கேட்டால், லட்சக்கணக்கானோர் பற்றிய எண்களைக் காட்டிக் கேட்பதைவிட அதிக நன்கொடை வருகிறது என்று 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. படத்தோடு எண்களையும் சேர்த்துக் காட்டியபோது தொகை குறைந்தது. தொண்டு நிறுவனம் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எல்லோரையும் சமமாக நடத்தக் கடமைப்பட்ட நிர்வாகிக்கு இது எச்சரிக்கை. மனத்தைத் தொட்ட ஒருவருக்காக விதியைத் தளர்த்தினால், கதை சொல்லத் தெரியாத பத்துப் பேர் பின்னால் தள்ளப்படுவார்கள். அதனால் ஒரு கதை என்னை உலுக்கினால், அதே நிலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கோப்பறையில் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன்.

இன்னொன்று, அந்தக் கதை மனுதாரருடையது. கூட்டத்தில் சொல்லலாமா என்று அவரிடம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

இப்போது நான் நடத்தும் பயிற்சிகளில், அவரவர் கையெழுத்திட்ட நிராகரிப்புக் கடிதம் ஒன்றை முதல் நாளே கொண்டுவரச் சொல்கிறேன். அதைப் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, அவர்தான் மனுதாரர் என்று எண்ணி, உரக்கப் படிக்க வேண்டும். பெரும்பாலானோர் இரண்டாவது வரியில் நிறுத்திவிடுகிறார்கள். சிலர் தாளைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, உங்க மனுவை நான்தான் பார்த்தேன்…" என்று தங்கள் சொந்த வார்த்தைகளில் தொடங்குகிறார்கள்.