இரவில் வீடு திரும்பாத பூனை: தேடும்போதும் திரும்பிய பின்னும் கவனிக்க வேண்டியவை

காலை ஏழு மணிக்கு முன் என் தொலைபேசி ஒலித்தால், பெரும்பாலும் அது இரவு முழுவதும் உறங்காத ஒருவரின் அழைப்பாகவே இருக்கும். "நேற்று ராத்திரி சாப்பிடவே வரவில்லை டாக்டர், இன்னும் காணோம்" என்பார்கள். சில மணி நேரத்தில் அவர்களே மறுபடி அழைத்து, "வந்துவிட்டது டாக்டர், நன்றாகத்தான் இருக்கிறது, தூங்குகிறது" என்று சொல்வார்கள். அவர்களுடைய நிம்மதி எனக்கும் தொற்றிக்கொள்ளும். ஆனால் அப்படித் திரும்பி வந்த பூனைகளில் சிலவற்றை மூன்று நான்கு நாட்கள் கழித்து, கன்னம் வீங்கிக் காய்ச்சலோடு என் மேசையில் பல முறை பார்த்துவிட்டேன். அதனால் "தூங்கட்டும், எழுந்ததும் உடல் முழுவதையும் தடவிப் பாருங்கள்" என்று சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். மதுரையில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றும் இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது இதுதான்: இரவெல்லாம் பட்ட கவலையைப் பூனை வாசற்படி ஏறியதுமே இறக்கி வைத்துவிடுகிறோம், ஆனால் அதற்கு நம் கவனம் மிகவும் தேவைப்படும் நாட்கள் அப்போதுதான் தொடங்குகின்றன.

பூனை இரவில் வெளியே போவதில் வியப்பு ஒன்றும் இல்லை. அந்தி சாயும் நேரத்திலும் விடியற்காலையிலும் சுறுசுறுப்பாக இயங்கும் விலங்கு அது. எங்கள் ஊரின் பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால், மொட்டை மாடிக்கு ஏறிவிட்ட பூனை தரையில் கால் வைக்காமலே தெருவின் மறுகோடிக்குப் போய்விட முடியும். எலியும் பல்லியும் அதை இழுக்கின்றன என்றாலும், கருத்தடை செய்யப்படாத பூனையை இரவு முழுவதும் வெளியே நிறுத்தி வைப்பது பெரும்பாலும் இணை தேடும் வேட்கைதான். பெட்டைப் பூனை நான்கு மாத வயதிலேயேகூடப் பருவமடையக்கூடும். பகலின் நீளம் அதிகம் மாறாத நம் பகுதியில் அதற்கு ஆண்டின் எந்த மாதத்திலும் பருவம் வரலாம். இணை சேரவில்லை என்றால் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரும். அதன் குரலைக் கேட்டுச் சுற்றுவட்டாரக் கடுவன்கள் எல்லாம் ஒரே மாடியில் கூடுவதால் சண்டையும் அங்கேயே மூளுகிறது.

எப்போது கவலைப்படத் தொடங்க வேண்டும் என்று கேட்பவர்களிடம், அந்தப் பூனையின் வழக்கம் என்ன என்றுதான் முதலில் கேட்பேன். நாள்தோறும் இரவில் சுற்றிவிட்டுக் காலையில் வரும் வளர்ந்த பூனை ஒரு வேளை தாமதித்தால் அக்கம்பக்கத்தை ஒரு முறை பார்த்துவிட்டுக் காத்திருக்கலாம். இரண்டாவது வேளை உணவுக்கும் வராவிட்டால் முறையாகத் தேட வேண்டும். வீட்டை விட்டே வெளியேறாத பூனை, குட்டி, வயதான பூனை, அன்றாடம் மருந்து தேவைப்படும் பூனை ஆகியவற்றுக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. கதவு திறந்திருந்த நேரத்தில் நழுவிவிட்டது என்று தெரிந்த உடனேயே தேட வேண்டும். "பூனைதானே, தானாக வரும்" என்று ஆறுதல் சொல்லும் உறவினர்களின் பேச்சைக் கேட்டு மூன்று நாள் காத்திருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று நாட்களில் பூனை பெரும்பாலும் நான்கைந்து வீடுகளுக்கு அப்பால்தான் இருந்திருக்கிறது.

இது என் அனுபவம் மட்டும் அன்று. காணாமல் போன 1,210 பூனைகளைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டறிந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பூனைகள் ஏழு நாட்களுக்குள் உயிருடன் கிடைத்திருந்தன. கிடைத்தவற்றில் நான்கில் மூன்று பங்கு, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன. நேரில் இறங்கித் தேடியவர்களுக்கே உயிருடன் கிடைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆகவே ஊர் முழுவதும் வண்டியில் சுற்றுவதைவிட, பக்கத்து வீட்டு மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்ப்பதே பயன் தரும்.

அஞ்சிய பூனை குரல் கொடுக்காது என்பதைத் தேடுபவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். வளர்த்தவர் இரண்டடி தூரத்தில் நின்று பெயர் சொல்லி அழைத்தாலும், அடிபட்ட பூனையோ மிரண்ட பூனையோ மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் இருக்கும். தன் இருப்பைக் காட்டாமல் இருப்பதுதான் அதற்குத் தெரிந்த பாதுகாப்பு. நான்கைந்து பேர் கூட்டமாகச் சேர்ந்து உரக்க அழைத்துக்கொண்டு போனால் அது இன்னும் உள்ளே ஒடுங்கிவிடும். தெரு அடங்கிய பிறகு, இரவு பதினொரு மணிக்கு மேல் ஒருவரோ இருவரோ மட்டும் டார்ச் விளக்குடன் செல்லுங்கள். விளக்கைக் கண் மட்டத்தில் பிடித்துத் தாழ்வான இடுக்குகளில் மெல்ல வீசினால், பூனையின் விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் பளிச்சென்று மின்னிக் காட்டிக்கொடுக்கும். சன்ஷேடு, தண்ணீர்த் தொட்டியின் அடிப்புறம், கட்டுமானம் நடக்கும் வீடு, வறண்ட கால்வாய், நிறுத்தி வைத்த காரின் அடிப்பகுதி ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். மழைக்காலத்தில் எஞ்சின் சூட்டுக்காகப் பூனை பானெட்டுக்குள் புகுந்து படுத்திருக்கும் என்பதால், காரைக் கிளப்புவதற்கு முன் பானெட்டை இரண்டு முறை தட்டும்படி அண்டை வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள்.

பூட்டிய அறைகளைத் திறந்து காட்டச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். பக்கத்து வீட்டார் பொருள் வைக்கும் அறையைத் திறந்தபோது உள்ளே நுழைந்துவிட்ட ஒரு பூனை, அவர்கள் கோயில் பயணம் முடிந்து திரும்பும் வரை ஆறு நாட்கள் அங்கேயே அடைபட்டுக் கிடந்து, எலும்பும் தோலுமாக என்னிடம் வந்தது. வளர்த்த அம்மா அந்த ஆறு நாட்களும் அதே சுவருக்கு இப்பால்தான் படுத்திருந்தார். தீபாவளியை ஒட்டிய நாட்களில் வெடிச் சத்தத்துக்கு அஞ்சி ஓடும் பூனைகள் இத்தகைய இடங்களில்தான் போய்ச் சிக்குகின்றன. அந்த வாரம் மட்டுமாவது எந்தப் பூனையையும் வெளியே விடாமல் இருப்பது நல்லது.

கண்டுபிடித்ததும் பாய்ந்து பிடிக்க முயல வேண்டாம். மிரண்ட நிலையில் அது உங்களையே கடிக்கும். கனமான துண்டைப் போர்த்தித் தூக்கி, மூடக்கூடிய கூடையில் வைக்க வேண்டும். கடித்துவிட்டாலோ இரத்தம் வரும்படி கீறிவிட்டாலோ, வளர்ப்புப் பூனைதானே என்று விட்டுவிடாதீர்கள். காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநாய்க்கடி நோய் என்று பெயர் இருந்தாலும் ரேபிஸ் பூனையாலும் பரவும்; அறிகுறி தோன்றிய பின் அதற்குச் சிகிச்சை இல்லை. இரவில் வெளியே போகும் பூனைக்கு மூன்று மாத வயதில் ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்கி, மருத்துவர் சொல்லும் நாட்களில் தொடர வேண்டும். இதை நான் விருப்பத்துக்கு விடுவதில்லை.

இனி, திரும்பி வந்த பூனையைப் பற்றி. ஒரு நாளுக்கு மேல் பட்டினி கிடந்திருந்தால் தண்ணீரும் சிறிதளவு உணவும் மட்டும் கொடுத்து, சில மணி நேர இடைவெளியில் மீண்டும் மீண்டும் கொடுங்கள். உடல் பருத்த பூனை இரண்டு மூன்று நாட்கள் உணவின்றி இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால், வந்த பிறகும் அது சாப்பிட மறுத்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அடுத்ததாக மூச்சைப் பாருங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும், முழங்கைகளை அகட்டி வைத்துக்கொண்டு படுக்க மறுப்பதும் அவசர நிலை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் உடனே புறப்படுங்கள்.

நகங்களைப் பார்க்கச் சொன்னால் பலரும் வியப்படைகிறார்கள். வாகனம் மோதிய பூனை தார்ச்சாலையைப் பற்றிக்கொள்ள முயன்றிருக்கும் என்பதால் அதன் நகங்கள் சிதைந்தும் பிளந்தும் காணப்படும். வெளிக்காயமே இல்லாத பூனையில்கூட விபத்து நடந்ததை அந்த நகங்கள் எனக்குச் சொல்லியிருக்கின்றன. அப்படிப்பட்ட பூனைக்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்திருக்கலாம். முதல் நாள் சாதாரணமாகத் தோன்றிவிட்டுப் பிறகுதான் மூச்சுத் திணறும். வால் துவண்டு தொங்கினால், வாலின் அடியில் உள்ள நரம்புகள் இழுபட்டுச் சிறுநீர்ப்பையும் செயலிழந்திருக்கக்கூடும். எனவே திரும்பிய பூனையை அன்று முழுவதும் வீட்டுக்குள் வைத்து, மணல் தட்டில் சிறுநீர் கழிக்கிறதா என்று பாருங்கள். கடுவன் பூனை மீண்டும் மீண்டும் முக்கியும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால், காலை வரை காத்திருப்பதேகூட அதன் உயிரைப் பறித்துவிடலாம்.

நான் மிக அதிகமாகப் பார்ப்பது கடிகாயத்தைத்தான். பூனையின் கோரைப்பல் ஊசி போல மெல்லியது. அது தோலைத் துளைத்து வாயில் உள்ள கிருமிகளை ஆழத்தில் விட்டுவிட்டு வெளியே வரும். துளை ஒரு நாளுக்குள் மூடிக்கொள்ளும், முடி அதை மறைத்துவிடும், உள்ளே இரண்டு முதல் நான்கு நாட்களில் சீழ் பிடிக்கும். பூனை உணவை ஒதுக்கி மூலையில் சுருண்டு படுக்கும்போது, "வெளியே எதையோ தின்றுவிட்டது போல" என்று வயிற்றுக்கு மருந்து கேட்டு வருகிறார்கள். நான் வால் அடியிலோ கன்னத்திலோ கை வைக்கும்போது அது சீறும். எதிர்த்து நின்ற பூனைக்கு முகத்திலும் முன்னங்காலிலும், தப்பி ஓடிய பூனைக்கு வாலின் அடியிலும் கடி இருப்பதைப் பெரும்பாலும் காணலாம். திரும்பிய அன்றே முடியை எதிர்த்திசையில் கோதிப் பார்த்தால் குன்றிமணியைவிடச் சிறிய பொருக்கு ஒன்று விரலில் தட்டுப்படும். அந்த நிலையிலேயே அழைத்து வந்தால் பெரும்பாலும் மருந்தோடு முடியும். தாமதித்தால் மயக்கம் கொடுத்துக் கீறிச் சீழை எடுக்க வேண்டியிருக்கும். பூனைகளின் நோய் எதிர்ப்பாற்றலைச் சிதைக்கும் எஃப்ஐவி என்னும் நச்சுயிரியும் ஆழமான கடியின் வழியாகவே முதன்மையாகப் பரவுகிறது. அது மனிதருக்குத் தொற்றாது.

நஞ்சைப் பற்றிச் சொல்லும்போது என் வேண்டுகோள் பூனை வளர்க்காதவர்களுக்கும் சேர்த்துத்தான். கேக் வடிவில் விற்கும் புரோமடியோலோன் வகை எலி மருந்து இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. அதைத் தின்ற பூனையோ, அதைத் தின்று தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்ற பூனையோ மூன்று நான்கு நாட்கள் வரை நன்றாகவே இருந்துவிட்டுப் பிறகு இரத்தம் கசிந்து சோர்ந்துபோகும். குறித்த நேரத்தில் வந்தால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற முடிகிறது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் இன்னும் கொடியது. நஞ்சு தின்ற பூனைக்கு நம் வீடுகளில் உடனே எண்ணெயோ பாலோ உப்புத் தண்ணீரோ புகட்டுகிறார்கள். கொழுப்புப் பொருள் பாஸ்பரஸ் உடலில் சேர்வதை விரைவாக்கும், உப்பே பூனைக்கு நஞ்சாகும், வலிந்து புகட்டுவது நுரையீரலுக்குள் போகும். எதையும் புகட்டாமல், மருந்தின் உறை கிடைத்தால் அதையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வருவதே சரி.

காய்ச்சலோ வலியோ இருப்பதாகத் தோன்றினாலும் வீட்டில் உள்ள பாரசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகளுக்குக் கொடுப்பதுதானே என்ற அன்பான எண்ணத்தில் கொடுக்கப்பட்ட அரை மாத்திரை, முகமும் பாதங்களும் வீங்கி ஈறு பழுப்பேறிய பூனையாக என்னிடம் வந்திருக்கிறது. அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. நாய்களுக்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரினும் பூனைக்கு நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும்.

இரவுச் சுற்றலைக் குறைக்க நான் நம்புவது கருத்தடை அறுவை சிகிச்சையை. ஐந்து ஆறு மாத வயதில் செய்துவிட்டால் பெரும்பாலான கடுவன்கள் தொலைவு அலைவதையும் சண்டையிடுவதையும் வெகுவாகக் குறைத்துக்கொள்கின்றன. "ஒரு முறையாவது குட்டி போடட்டும் டாக்டர், பாவம்" என்று கேட்பவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு முறை ஈன்றால்தான் பூனைக்கு நல்லது என்பதற்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை. அரிசி மணி அளவே உள்ள மைக்ரோசிப்பைத் தோலுக்கடியில் வைத்துவிட்டால் அதன் பதினைந்து இலக்க எண்ணைக் கொண்டு உரியவரைக் கண்டறியலாம். கழுத்தில் கயிறோ ரிப்பனோ கட்டுவதைத் தவிருங்கள். முன்னங்கால் அதற்குள் மாட்டி அக்குள் வரை அறுபட்ட பூனைகளுக்குத் தையல் போட்டிருக்கிறேன். பட்டை தேவை என்றால் இழுபட்டதும் தானே கழன்றுகொள்ளும் வகையை மட்டும் வாங்குங்கள். வீடு மாறினால் முதல் மூன்று வாரம் உள்ளேயே வைத்திருங்கள். இல்லாவிட்டால் பழைய வீட்டைத் தேடிப் போய்விடும்.

செலவே இல்லாத ஒரு வழியும் உண்டு. இரவு ஒன்பது மணிக்குக் குடும்பத்தோடு சேர்த்து உணவு கொடுக்கப்பட்ட ஒரு பூனை, தின்றதும் மாடிக்கு ஏறி விடியும்வரை வராமல், ஒரே ஆண்டில் மூன்று முறை கடிபட்டு வந்தது. பகல் முழுவதும் தட்டில் கிடந்த உலர் உணவை எடுத்துவிட்டு, நாளின் முக்கிய உணவை மாலை ஆறு மணிக்குத் தகர டப்பாவைக் குலுக்கிய பிறகே கொடுக்கவும், உண்டதும் கதவைச் சாத்திவிட்டு உறங்கும் முன் கால் மணி நேரம் கயிற்றால் விளையாட்டுக் காட்டவும் அந்த வீட்டம்மாவிடம் சொன்னேன். அதே வாரத்தில் கருத்தடையும் செய்தோம். முதல் பத்து நாட்கள் அது சன்னலருகே நின்று இரவெல்லாம் கத்தியது. அவர் கதவைத் திறக்கவில்லை. இப்போது டப்பாவின் ஓசை கேட்டதும் மூன்றாவது வீட்டு மாடியிலிருந்துகூட ஓடி வந்துவிடுகிறதாம். சென்ற மாதம் ஆண்டுத் தடுப்பூசிக்காக அழைத்து வந்தபோது, முடியைக் கோதிப் பார்த்ததில் பழைய தழும்புகள் மட்டுமே இருந்தன.