ஹெட்செட் பட்டன் வேலை செய்யவில்லை என்றால் போனைக் கழற்றச் சொல்லாதீர்கள்

"பாட்டு கேக்குதுங்க, பேசினாலும் கேக்குது. சவுண்ட் பட்டன் மட்டும் வேலை செய்யல. ஜாக்கை மாத்திக் குடுங்க."

சர்வீஸ் கடையில் இது வாடிக்கையான கோரிக்கை. ஜாக்கில் கை வைக்கும் முன் நான் கேட்பது, அந்த ஹெட்செட் எந்தப் போனோடு வந்தது என்பதைத்தான். போன் ஆண்ட்ராய்டு, ஹெட்செட் ஐபோனுடையது என்றால் இரண்டிலுமே பழுதில்லை. ஜாக் மாற்றும் கூலி வீண்.

பட்டனுக்கென்று தனி ஒயர் கிடையாது. மைக் ஒயரிலேயே வேலை நடக்கிறது. ஆண்ட்ராய்டுக்கான ஹெட்செட்டில் பட்டனை அழுத்தினால் மைக்குக்கும் கிரவுண்டுக்கும் (மின்சாரம் திரும்பிப் போகும் பொது ஒயர்) நடுவே ஒரு ரெசிஸ்டர் இணையும். நடு பட்டன் நேரடி ஷார்ட், அதாவது கிட்டத்தட்ட 0 ஓம். சத்தம் கூட்ட சுமார் 240 ஓம், குறைக்க சுமார் 470 ஓம். எந்தப் பட்டன் என்பதைப் போன் இந்த அளவை வைத்தே கண்டுபிடிக்கிறது. ஆப்பிள் ஹெட்செட்டில் சத்தத்தைக் கூட்டுவதையும் குறைப்பதையும் ரிமோட்டுக்குள் இருக்கும் ஒரு சிறிய சிப் சொல்கிறது. அந்தப் பாஷை ஆண்ட்ராய்டுக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு ஹெட்செட்டின் ஓம் கணக்கு ஐபோனுக்குத் தெரியாது. நடு பட்டன் மட்டும் இரண்டு பக்கமும் ஷார்ட்தான், அதனால் பாட்டை நிறுத்தவும் அழைப்பை எடுக்கவும் முடிகிறது. 'எல்லா மொபைலுக்கும் பொருந்தும்' என்று அட்டையில் போட்டிருப்பது பெரும்பாலும் பின்னின் வடிவத்தைப் பற்றிய பேச்சு. கடையிலேயே உங்கள் போனில் செருகி மூன்று பட்டன்களையும் அழுத்திப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பழைய நோக்கியா காலத்து ஹெட்செட்டை எடுத்து வருபவர்கள் சொல்லும் புகார் வேறு: இசை கேட்கிறது, பாடகர் குரலைக் காணோம். அவற்றில் பல ஓஎம்டிபி (OMTP) என்ற பின் அமைப்பு முறையில் செய்தவை. இன்றைய போன்கள் சிடிஐஏ (CTIA) முறை. இந்த இரண்டு முறைக்கும் பின்னில் மைக்கும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பி வந்துவிடும், இதைவிட எளிய சோதனை கிடையாது. மைக்கையும் கிரவுண்டையும் மாற்றித் தரும் சின்னக் கன்வெர்ட்டர் போதும்.

3.5 எம்.எம். ஜாக் இல்லாத போன்களில் சிக்கல் கன்வெர்ட்டருக்கு இடம் மாறிவிட்டது. டைப்-சி கன்வெர்ட்டரில் இரண்டு ரகம். ஒன்று வெறும் ஒயர், போனே ஆடியோ தர வேண்டும். மற்றதில், டிஜிட்டல் ஒலியை ஹெட்செட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டேக் (DAC) சிப் உள்ளேயே இருக்கும். 2019-இல் வந்த கேலக்சி நோட் 10 போன்றவை ஒயர் ரகத்தை ஏற்பதில்லை. பட்டன் இருக்கட்டும், சத்தமே வராது. டேக் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள், பத்து ரூபாய் கூடுதலானாலும் பரவாயில்லை.

போனைப் பார்க்க வேண்டியது எப்போது? யாரும் தொடாமலே பாட்டு நிற்கிறது, கூகுள் அசிஸ்டென்ட் தானாக எழுந்து பேசுகிறது என்றால் ஜாக்குக்குள் வியர்வையோ பாக்கெட் பஞ்சோ இருக்க வாய்ப்பு அதிகம். ஈரம் மைக்கையும் கிரவுண்டையும் இணைத்துவிட, போன் அதைப் பட்டன் என்று எடுத்துக்கொள்கிறது. போனை அணைத்து, மரப் பல்குச்சியால் மெதுவாகப் பஞ்சை எடுத்துக் காயவிடுங்கள். ஊக்கு, ஹேர்பின் வேண்டாம். உள்ளே இருக்கும் தகடு வளைந்துவிட்டால் அப்புறம் நிஜமாகவே ஜாக் மாற்ற வேண்டிவரும்.