எட்டு லைட்டும் எரிந்தால் போதுமா?

பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. "தம்பி, ஞாயித்துக்கிழமையானா நெட்டு நல்லா வருதுங். மத்த நாள்ல மாடியில சுத்திக்கிட்டே நிக்குதுங்" என்றார் அந்த அம்மா. ரவுட்டரை மாற்றியும் பார்த்துவிட்டார்களாம். ஞாயிறு என்றதுமே எனக்குப் பொறி தட்டியது. வீட்டை ஒட்டித் தறிக்கூடம். ஞாயிறு தறிக்கு லீவு.

மாடிக்குப் போகும் நெட் கேபிள் தறிக்கூடச் சுவரோரமாக, தறிக்குக் கரண்ட் தரும் த்ரீ ஃபேஸ் லைனை ஒட்டியே 30 மீட்டருக்கு மேல் வந்திருந்தது. ஆனால் அது பாதிக் காரணம்தான். கேபிள் நுனியில் இருக்கும் எட்டுப் பின் பிளக்கை, அதாவது ஆர்.ஜே.45 முனையை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி என்று வரிசையாக, அழகாக அடுக்கியிருந்தது. கம்பிகளை பிளக்கில் அழுத்திப் பொருத்தியது, அதாவது கிரிம்ப் செய்தது, அந்த வீட்டுப் பையன், இன்ஜினியரிங் படிக்கிறவன். "டெஸ்டர்ல எட்டு லைட்டும் எரிஞ்சுதுங்ணா" என்றான். எரியத்தான் செய்யும். அந்தச் சின்ன டெஸ்டர், கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எந்தக் கம்பி எதோடு முறுக்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே தப்பைச் செய்து, அதே எட்டு லைட்டைக் காட்டிக் காசு வாங்கியிருக்கிறேன்.

நூலோடு பிழைக்கிற ஊரில் முறுக்கின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. நெட் கேபிளிலும் விஷயமே முறுக்குதான். ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் ஒரே சிக்னல் நேரெதிராக ஓடுகிறது. இரண்டும் முறுக்கியே இருப்பதால் மோட்டாரிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டையும் ஒரே அளவில் தாக்கும். எதிர்முனை இரண்டுக்குமான வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துபோகும். இங்கே சிக்கல் என்னவென்றால், 3-ஆம் பின்னும் 6-ஆம் பின்னும்தான் ஒரு ஜோடி. நடுவிலுள்ள 4, 5 பழைய டெலிபோன் லைனுக்கென்று ஒதுக்கிய இடம். பையன் அடுக்கியபடி 3-இல் பச்சை வெள்ளையும் 6-இல் நீலமும் உட்கார்ந்திருந்தன. இரண்டும் வேறு வேறு முறுக்கு. இரண்டு மீட்டர் ஒயரில் இது தெரியாமலே ஓடிவிடும். நீளம் கூடி, பக்கத்தில் தறியும் ஓடினால் மாட்டிக்கொள்ளும்.

சரியான வரிசை இது: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். இரண்டு முனையிலும் இதேதான். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளி உறையும் கனெக்டருக்குள் போய் அழுத்தத்தில் மாட்ட வேண்டும். இல்லையென்றால் இழுக்கிற இழுப்பெல்லாம் கம்பியில்தான் விழும்.

இன்னொரு அடையாளம். 300 எம்.பி. பிளான் போட்டும் ஸ்பீடு டெஸ்ட் எப்போதும் 94-லேயே நின்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பி சரியாகக் கடிக்கவில்லை என்று அர்த்தம். 100 எம்.பி.க்கு இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்.பி.க்கு, நான்கும் வேண்டும்.

கரண்ட் ஒயரோடு ஒரே பைப்பில் நெட் கேபிளை விடவே கூடாது. இது ஸ்பீடுக்காக அல்ல, உயிருக்காக. பக்கத்தில் போனால் ஓரடியாவது தள்ளுங்கள். குறுக்கே போயே தீர வேண்டுமென்றால் நேர்க்கோணத்தில் கடக்கட்டும்.

முனைகளைப் பையனையே மறுபடி அடிக்க வைத்தேன். கேபிளை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். தறி ஓடும்போதும் மாடியில் நெட் விடாமல் வந்தது.

மறுவாரம் அந்த அம்மா மறுபடி கூப்பிட்டார், தோட்டத்து கேட்டில் கேமரா வைக்க. கேபிள் பெட்டியை அவர்களே வாங்கி வைத்திருந்தார்கள். 305 மீட்டர் பெட்டி, தூக்கினால் கனமே இல்லை. கம்பியை பிளேடால் சுரண்டினேன், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடை. கேமராவுக்கு வேண்டிய கரண்டையும் இதே கேபிளில் அனுப்பினால், ராத்திரி இருட்டில் பார்ப்பதற்கான ஐ.ஆர். லைட் எரியும் நேரம் கேமரா அணைந்து அணைந்து எரியும். பெட்டியைப் பிரித்தபடியே பையன் வண்டியில் கட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினான். போகும்போது பாக்கெட்டில் ஒரு பிளேடும் எடுத்துக்கொண்டான்.