ஈரலிப்பு வேறு, ஈரப்பதன் வேறு

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு இலங்கையின் கிழக்கே சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெற்களஞ்சியத்துக்குப் போயிருந்தேன். சுவரில் தொங்கிய சின்னக் கருவியில் "ஈரப்பதம் 76%, வெப்பம் 31" என்று தமிழில் ஒட்டியிருந்தார்கள். மூட்டையோடு நின்ற வயதான விவசாயி கேட்டார்: "மனே, 14க்கு மேல எண்டா எடுக்க மாட்டம் எண்டாங்க. இதில 76 எண்டு கிடக்கே, என்ட நெல்லையா சொல்லுது?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. அவர் சொன்ன 14 நெல்லிலுள்ள நீரின் அளவு, சுவரிலிருந்த 76 காற்றிலுள்ள நீராவியின் அளவு. பிழை அவரில் இல்லை, ஒட்டிய சொல்லில்.

பதம் என்றால் தக்க நிலை. பாகுப்பதம், உழவுப்பதம் என்கிறோம். நிலம் நிலன் ஆனதுபோலப் பதம் பதன் ஆனது இறுதிப்போலி, அதாவது கடைசி எழுத்து மாறியும் பொருள் மாறாதது. சொல்லின் பிறப்பு அவ்வளவுதான்.

சிக்கல் பயன்பாட்டில் இருக்கிறது. காற்றிலுள்ள நீராவிக்கு ஈரப்பதன் என்று நமது பாடநூல்கள் எழுதி வந்தன. நெல்லிலும் மண்ணிலும் மரத்திலும் ஊறிக் கிடக்கும் நீருக்கு ஈரலிப்பு. எவ்வளவு தெளிவான பிரிப்பு! இப்போது கைபேசிச் செயலி முதல் கருவிப் பெட்டி வரை இரண்டையும் 'ஈரப்பதம்' என்ற ஒற்றைச் சொல்லில் போட்டுக் குழைக்கிறார்கள். "இடம் பார்த்து விளங்கிக்கொள்ளலாமே" என்பார்கள். நெற்களஞ்சியத்தில் இரண்டு எண்ணும் ஒரே சுவருக்குள் நிற்கும்போது எந்த இடத்தைப் பார்ப்பது?

ஈரலிப்பு 14% என்றால் 100 கிலோ நெல்லில் 14 கிலோ நீர். சுவரிலிருந்த 76 எடைக் கணக்கே அல்ல. அந்த வெப்பநிலையில் காற்றில் இருக்கக்கூடிய உச்ச நீராவியில் 76 சதவீதம் இருக்கிறது என்று பொருள். 20 பாகை செல்சியசில் ஒரு கனமீற்றருக்கு உச்சம் சுமார் 17 கிராம், 30 பாகையில் சுமார் 30 கிராம். அதே 17 கிராம் முன்னதில் நூறு சதவீதம், பின்னதில் ஏறத்தாழ 57. ஆகவே உச்சத்தோடு ஒப்பிட்ட அளவு என்று காட்டும் 'சார்' என்ற முன்னொட்டை விடவே கூடாது: சார் ஈரப்பதன். கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று வீசும் நாளில் வெயில் கொளுத்தினாலும் புழுக்கம் இல்லாதது ஏனென்று மட்டக்களப்பாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டுக்கும் உறவும் உண்டு. சார் ஈரப்பதன் 75 அளவில் நீடித்தால் நெல்லின் ஈரலிப்பு 14 அளவில் வந்து நிற்கும். காற்று அதைவிட ஈரமானால், காயவைத்த நெல் மறுபடி ஈரத்தை இழுக்கும். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை ஒரு விவசாயிக்கு எப்படி விளக்குவது? மொழிபெயர்ப்பவர் ஒருநாள் களத்துமேட்டில் நின்று பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

'வெப்பம் 31' என்பதும் தவறு. வெப்பம் சக்தி; பாகையில் அளப்பது வெப்பநிலை. பேச்சில் சென்சார் என்றால் எனக்கு ஆட்சேபமில்லை, எழுத்தில் உணரி போதும். அந்தச் சுவர்க்கருவியின் உணரியில் இருப்பது காற்றின் நீராவியை உறிஞ்சும் மென்படலம். அது நெல்லைத் தொடுவதே இல்லை.

பாடநூலிலும் ஒரு குறை சொல்ல வேண்டும். 'சாரீரப்பதன்' என்று சேர்த்து எழுதினால் பிள்ளைகள் சாரீரம், குரல் என்று தடுமாறுகிறார்கள். பிரித்தே எழுதலாம். சுவர்க்கருவியில் 'காற்றின் சார் ஈரப்பதன்', நெல் அளக்கும் கருவியில் 'நெல்லின் ஈரலிப்பு' என்று ஒட்ட இரண்டு துண்டுக் காகிதம் போதும்.