இடுப்பு வலி என்று சீட்டில் எழுதியிருக்கும்

சம்பா நடவு முடிந்து கை கொஞ்சம் ஓய்ந்த பிறகுதான் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கத்துப் பெண்கள் மகப்பேறு ஓ.பி.க்கு வருவார்கள். சீட்டில் 'இடுப்பு வலி' என்றிருக்கும். கூட வந்த மருமகளை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால்தான் "அடி எறங்கிருச்சும்மா" என்று வாய் திறக்கும். கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு நாளா? "கடைசிப் புள்ள பொறந்ததுலேருந்து." அந்தப் பிள்ளைக்கே இப்போது கல்யாணம் ஆகியிருக்கும்.

கர்ப்பப்பையைத் தாங்கும் தசைகள் பிரசவத்தில் தளர்கின்றன. உடம்பு தேறுவதற்குள் நாற்றுக்கட்டு தூக்குவது, தீராத இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நின்றபின் குறையும் ஹார்மோன் எல்லாம் சேர்ந்து இன்னும் கீழே இறக்குகின்றன. உடம்பின் கதை இவ்வளவுதான்.

மனசின் கதை நீளம். சிரித்தால், தும்மினால் சிறுநீர் கசியும். வாடை வருமோ என்று கல்யாணப் பந்தியில் உட்கார மாட்டார்கள். கோயில் படி ஏறுவதையும் நிறுத்திவிடுவார்கள், 'சுத்தமில்லை' என்று தாங்களே தீர்மானித்து. காரணம் சொல்லாமல் திண்ணையில் தனியே படுப்பதால் கணவருக்குச் சந்தேகம், சண்டை. வயலில் ஒதுங்க இடமில்லாததால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. அதனால் நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் வர, முக்கி முக்கி இறக்கம் கூடுகிறது. எப்போதாவது துணிந்து வீட்டில் சொன்னால், "பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கும்தான்" என்று பதில் வரும். பெரும்பாலும் இன்னொரு பெண்ணிடமிருந்துதான். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

"கர்ப்பப்பைய எடுத்துருவீங்களா?" என்ற பயத்திலேயே பலர் வருவதில்லை. எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. ஆரம்ப நிலையில், சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, ஒரு வேளைக்கு 8, 10 தடவை, தினம் 3 வேளை, 3, 4 மாதம் விடாமல் செய்தால் பலருக்குத் தொந்தரவு குறைகிறது. (சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது.) உள்ளே பொருத்தும் சிலிக்கான் வளையம் உண்டு, அவ்வப்போது காட்டிச் சரிபார்க்க வேண்டும். ஆபரேஷன் என்றாலும் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே செய்யும் முறைகள் இருக்கின்றன.

மருமகளிடம் சொல்லக் கூச்சமா? அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர் மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடமோ கிராமத்து நர்சம்மாவிடமோ சொல்லுங்கள். மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ மட்டும் அறுப்பு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே வந்துவிடுங்கள்.