சொல் விளக்கம்: ரைபோசுவிட்சும் ஆர்.என்.ஏ. ஆளியும்

மரபணுவின் செய்தியைப் புரதம் உருவாகும் இடத்துக்குக் கொண்டுசெல்லும் பாக்டீரியாவின் தூது ஆர்.என்.ஏ.வில், பெரும்பாலும் புரதத்துக்கான குறியீடு தொடங்குவதற்கு முன்னுள்ள பகுதியில், தனக்கென ஒரு வடிவில் மடிந்திருந்து, குறிப்பிட்ட சிறு மூலக்கூறு வந்து பொருந்தியதும் அந்த மடிப்பை மாற்றிக்கொள்ளும் துண்டுக்கு ரைபோசுவிட்ச் என்று பெயர். மடிப்பு மாறும்போது மரபணுவின் வெளிப்பாடும் மாறுகிறது: புரதத்தைக் கட்டும் ரைபோசோம் வந்து அமரவேண்டிய இடம் மறைந்துவிடலாம், அல்லது மறைந்திருந்த இடம் வெளிப்படலாம், சில மரபணுக்களில் டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ.வைப் படியெடுத்தலே பாதியில் நின்றுவிடும். இவ்வளவுக்கும் இடையில் ஒரு கட்டுப்பாட்டுப் புரதம் வரவேண்டியதில்லை. உணர்வதும் ஆர்.என்.ஏ.தான், ஆள்வதும் ஆர்.என்.ஏ.தான், இந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடுபவர் முதலில் மனத்தில் இருத்தவேண்டியது இதையே.

சொல் வழக்கிற்கு வந்தது 2002ஆம் ஆண்டில். யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கரின் குழு, வைட்டமின் பி12, பி1 ஆகியவற்றின் துணைநொதி வடிவங்கள் (நொதிகளுக்குத் துணைநிற்கும் வடிவங்கள்) பாக்டீரியாவின் தூது ஆர்.என்.ஏ.வில் நேரடியாகப் பொருந்துவதைக் காட்டியது. அதே ஆண்டில் எவ்கேனி நூட்லரின் குழுவும் இத்தகைய முடிவையே எட்டியது. பி1 போதிய அளவு சேர்ந்துவிட்டால், அதை உருவாக்கும் நொதிகளுக்கான தூது ஆர்.என்.ஏ. அதன் வரவை உணர்ந்து தன்னைத் தானே மூடிக்கொள்கிறது.

சொல்லின் இரு பாதிகளும் நெடுந்தொலைவு பயணம் செய்தவை. வேல மரப் பிசினான அரபுப் பிசினிலிருந்து கிடைத்த சர்க்கரைக்கு அரபினோஸ் என்ற பெயர் ஏற்கெனவே இருக்க, 1891இல் எமில் ஃபிஷர் அந்தப் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றிச் சுருக்கி, அதற்கு நெருங்கிய வேறொரு சர்க்கரைக்கு ரைபோஸ் என்று பெயரிட்டார். ஆகவே ‘ரைபோ’ என்பதற்குத் தனிப் பொருள் எதுவும் இல்லை. ரைபோசைம் (நொதியாகச் செயல்படும் ஆர்.என்.ஏ.) போன்ற சொற்களில் அது ஆர்.என்.ஏ.வைக் குறிக்கும் முன்னொட்டாகவே நிற்கிறது. ‘சுவிட்ச்’ என்ற ஆங்கிலச் சொல் முதலில் குதிரையைத் தட்டும் மெல்லிய வளாரைக் குறித்தது. பின்னர் இரயில் தடம் மாற்றும் அமைப்புக்கும், அதன்பின் மின்சுற்றைத் திறந்து மூடும் கருவிக்கும் பெயராயிற்று.

தமிழில் இதற்கு ‘நிலைமாற்றி’ என்ற சொல் எளிதில் தோன்றும். ஆனால் அது இருவேறு நிலைகளை மட்டுமே நினைவூட்டுகிறது. உண்மையிலோ மூலக்கூறின் செறிவு கூடக்கூட வெளிப்பாடு படிப்படியாக மாறுவதே பெரும்பாலான ரைபோசுவிட்சுகளின் இயல்பு. இலங்கைப் பாடநூல்களில் மின்சுவிட்சுக்கு வழங்கும் ‘ஆளி’ என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ‘ஆள்’ என்ற வினைப்பகுதியோடு இகர விகுதி சேர்ந்து, ஆள்வது என்ற பொருளைத் தருவதால், மரபணுவைக் கட்டுப்படுத்தும் ஒன்றுக்கு மூலச்சொல்லைவிட இது நெருக்கமானது. சிங்கத்தை ஒத்த விலங்குக்கும் அதுவே பெயர் என்ற மறுப்பு எழலாம், ‘ஆர்.என்.ஏ. ஆளி’ என்று சேர்த்துச் சொல்லும்போது அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ‘ரைபோ ஆளி’ என்றால் ரைபோஸ் சர்க்கரையை ஆள்வது என்று படிப்பவர் மயங்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன்.

இயற்கையில் இருப்பதைக் கண்டபின் அதை வடிவமைக்கவும் முனைந்தார்கள். அவ்வாறு அமைத்தவற்றைச் ‘செயற்கை ஆர்.என்.ஏ. ஆளி’ எனலாம். இவற்றின் உணர்பகுதிக்கு ஆப்டமர் என்று பெயர். 1990இல் எலிங்டனும் சோஸ்டாக்கும் இலத்தீனில் ‘பொருந்திய’ என்று பொருள்படும் சொல்லையும், கிரேக்கத்தில் ‘கூறு’ என்று பொருள்படும் சொல்லையும் இணைத்து இதை ஆக்கினார்கள். தமிழில் ‘பொருந்துகூறு’ என்றால் அச்சொல் அப்படியே வந்துவிடுகிறது, வலிந்து ஆக்கிய தோற்றமும் இல்லை. ஆஸ்துமா மருந்தான தியோஃபிலினுக்கென 1994இல் தெரிந்தெடுக்கப்பட்ட பொருந்துகூறு, ஒரே ஒரு மெதில் தொகுதியால் மட்டும் வேறுபடும் காஃபீனைக் காட்டிலும் தியோஃபிலினை ஏறத்தாழ 10,000 மடங்கு உறுதியாகப் பற்றுகிறது. இதைத் தூது ஆர்.என்.ஏ.வில் இணைத்து, தியோஃபிலின் இருந்தால் மட்டும் ஈ. கோலை பாக்டீரியாவில் ஒரு மரபணு ஓங்கி வெளிப்படுமாறு தேசாயும் கேலிவனும் 2004இல் செய்தார்கள். நீந்தும் திறனோடு தொடர்புடைய ஒரு மரபணுவை அவ்வாறே ஆளச்செய்து, தியோஃபிலின் உள்ள இடத்தை நோக்கி பாக்டீரியா செல்லுமாறும் பின்னர் காட்டப்பட்டது.

சிறு மூலக்கூறுக்குப் பதிலாக இன்னொரு ஆர்.என்.ஏ. வந்து திறக்கும் அமைப்பை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2014இல் வெளியான ‘டோஹோல்ட் சுவிட்ச்’ அத்தகையது: கொண்டைஊசி போல் மடிந்த தூது ஆர்.என்.ஏ.வின் ஓரத்தில் இணைசேராமல் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு இழையை வரும் ஆர்.என்.ஏ. முதலில் பற்றி, அங்கிருந்து மடிப்பை அவிழ்த்துச் செல்கிறது. மூலச்சொல் மலையேறுபவர் கால்விரலை ஊன்றும் சிறு பிடிப்பைச் சுட்டுவது. நாம் விரலை விட்டுவிட்டுப் பிடிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ‘பிடிமுனை ஆளி’ என்று வழங்கலாம், ஆர்.என்.ஏ. அங்கே செய்வது பிடிப்பதைத்தான்.